பழைய எக்ஸ்பாக்ஸ் 360ஐ வீட்டு வைஃபையில் சேர்க்க வேண்டும்: செலவு குறைந்த வழி எது?

கீழக்கரை நடுத்தெரு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். துபாயில் வேலை பார்க்கும் என் மச்சான் இம்முறை ஊருக்கு வந்தபோது, தாம் அங்கே பல ஆண்டுகளாக வைத்திருந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கன்சோலை என் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முதலில் வெளிவந்த வெள்ளை நிற வடிவம் அது. குறுந்தகடு போட்டு விளையாடுவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதற்குள் வைஃபை கிடையாது என்பதால் இணையத்தில் சேர்க்க முடியாமல் இருக்கிறோம். துபாயில் இருக்கும் மச்சான் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட வேண்டும் என்பது இங்கே உள்ளவர்களின் ஆசை.

எங்கள் வீடு பழைய வீடு. கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள். ஃபைபர் இணைப்பின் ரவுட்டர் கீழே வாசல் அறையில் இருக்கிறது, டிவி மாடியில் பின்பக்க அறையில் இருக்கிறது. மாடிப்படி ஏறி முடிக்கும் இடம் வரை கைப்பேசியில் வைஃபை நன்றாகக் கிடைக்கிறது, அந்த அறைக்குள் நுழைந்ததும் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இந்தக் கருவிக்கென்றே வந்த வைஃபை அடாப்டர் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. பழையது வைத்திருப்பவர்கள் கேட்கும் விலையோ, இன்னும் கொஞ்சம் சேர்த்தால் இன்னொரு கன்சோலே வாங்கிவிடலாம் என்ற அளவில் இருக்கிறது. கணினிக்குப் போடும் சிறிய யுஎஸ்பி வைஃபை குச்சியைச் செருகினால் வேலை செய்யுமா? வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டர்களுக்கு இதில் ஏதாவது பயன் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் எழுதியது:

வணக்கம். முதல் கேள்விக்குப் பதில், இல்லை. கணினிக்கான யுஎஸ்பி வைஃபை குச்சிகளை எக்ஸ்பாக்ஸ் 360 ஏற்றுக்கொள்ளாது. அதற்கான இயக்க மென்பொருள் அதனுள் இல்லை, நாம் ஏற்றவும் வழி இல்லை. பிளேஸ்டேஷன் 3, 4 ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். எனவே யாராவது, செருகினால் போதும் என்று சொல்லி அப்படி ஒன்றை விற்றால் வாங்க வேண்டாம்.

எக்ஸ்பாக்ஸ் 360 2005இல் வந்தபோது வைஃபை தனிப் பொருளாகவே விற்கப்பட்டது. அமெரிக்காவில் அந்த அடாப்டரின் விலை ஏறத்தாழ 100 டாலர். 2010இல் வந்த மெலிந்த வடிவத்தில்தான் உள்ளேயே வைஃபை வைத்தார்கள். உங்களிடம் இருப்பது அதற்கு முந்தியது. ஆனால் எல்லா வடிவங்களிலும் பின்புறம் ஒரு லேன் துளை இருக்கிறது, அதுதான் உங்களுக்கான வழி. அந்தத் துளைக்குள் வருகிற கம்பியின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது கன்சோலுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மறுமுனையில் வைஃபையை வாங்கிக் கம்பியில் கொடுக்கும் ஒரு கருவி இருந்தால், கன்சோல் தன்னைக் கம்பி இணைப்பில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். அந்த வேலையை ஒரு பழைய ரவுட்டரே செய்துவிடும். உங்கள் வீட்டில் கிடக்கும் ரவுட்டர்கள் என்ன வகை என்று அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மண்டபம் கேபிள் எழுதியது:

தம்பி, வைஃபை, வைஃபை என்று சுற்றுவதற்கு முன்பு நேராகக் கம்பி இழுக்க முடியுமா என்று பாருங்கள். நான் இந்தக் கரையில் வீடு வீடாக இணைப்புக் கொடுப்பவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். லேன் கம்பி 100 மீட்டர் வரை எந்தக் கூடுதல் கருவியும் இல்லாமல் வேலை செய்யும். உங்கள் வீட்டில் கீழிருந்து மாடிக்கு 20 அல்லது 25 மீட்டர் இருந்தாலே அதிகம். கேட் 5இ வகை போதும், எக்ஸ்பாக்ஸ் 360இன் துளையே 100 எம்பிபிஎஸ் வரைதான் போகும் என்பதால் அதற்கு மேல் விலை கொடுப்பதில் பொருள் இல்லை.

ஆனால் ஒன்றை மட்டும் கறாராகக் கேட்டு வாங்குங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கம்பிகளில் பெரும்பாலானவை அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சுப் போட்டவை. உள்நாட்டு ஊர்களில் அது எப்படியோ ஓடிவிடும். நம் கடற்கரையில் உப்புக் காற்று பட்டால், நுனியில் பூச்சு விட்ட இடத்திலிருந்து அரிக்கத் தொடங்கிவிடும், இரண்டு மூன்று முறை வளைத்தால் ஒடியும். முழுச் செம்பு என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தாலே தெரியும், உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியம்.

நுனியில் போடும் பிளக்கிலும் கவனம் வேண்டும். நான் கழற்றிப் பார்க்கும் பழுதான இணைப்புகளில் பெரும்பாலும் எட்டுப் பற்களில் ஒன்றோ இரண்டோ பச்சை பூத்திருக்கும். இணைப்பு அறுந்துவிடாது, விட்டு விட்டு வரும், அதனால்தான் வீட்டுக்காரர்கள் ரவுட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பற்களுக்குப் பொன் பூச்சு உள்ள பிளக் சில ரூபாய்தான் கூடுதலாக இருக்கும். இழைகளை இரு முனையிலும் ஒரே வரிசையில் வைக்க வேண்டும்: வெள்ளை கலந்த ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை கலந்த பச்சை, நீலம், வெள்ளை கலந்த நீலம், பச்சை, வெள்ளை கலந்த பழுப்பு, பழுப்பு. பச்சை இழை மட்டும் தன் துணையை விட்டுப் பிரிந்து ஆறாவது இடத்துக்குப் போவதைக் கவனியுங்கள். பலரும் தவறுவது அங்கேதான். உறையை உரித்த பகுதி பிளக்குக்கு வெளியே தெரியக் கூடாது. வெளி உறையும் சேர்ந்து உள்ளே போய்ப் பிடிபட்டால்தான் இழுத்தாலும் கழன்று வராது.

கீழக்கரை நடுத்தெரு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கம்பி இழுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அண்ணன். சுவரில் துளை போடுவதற்கு எங்கள் உம்மா சம்மதிக்கமாட்டார்கள், சுண்ணாம்புச் சுவரில் துளை போட்டால் காரை பெயர்ந்து விழுகிறது என்பதும் உண்மைதான். மாடிப்படியோடு ஒட்டிக் கொண்டுவந்தால் பாதி வழி வரலாம், அதன் பிறகு அறைக்குள் போக வேண்டுமானால் திறந்த மொட்டை மாடியைச் சுற்றித்தான் கொண்டுபோக முடியும். அதைச் செய்யலாமா?

வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் கிடக்கின்றன. ஒன்று பழைய தொலைபேசிக் கம்பி வழி அகன்ற அலைவரிசைக்குக் கொடுத்த மோடம். இன்னொன்று டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்840என், ஃபைபர் வந்த பிறகு எடுத்து வைத்தது.

பாம்பன் குந்துகால் எழுதியது:

திறந்த மொட்டை மாடி வழியாகச் செம்புக் கம்பி கொண்டுபோக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் இடி இறங்கும் விதத்தை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மின்னல் நேராக விழ வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் எங்கோ விழுந்தாலே நீளமான கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு இரு முனையிலும் உள்ள கருவிகளின் லேன் துளைகளைக் கொன்றுவிடும். என் வீட்டில் கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையே போட்டிருந்த கம்பியில் அப்படித்தான் ஒரே இரவில் ரவுட்டரும் கேமரா பெட்டியும் போயின. உங்கள் கன்சோலுக்கு இருக்கும் ஒரே வழி அந்த லேன் துளைதான். அது போனால் பிறகு எதுவும் செய்ய முடியாது.

மண்டபம் கேபிள் எழுதியது:

பாம்பன் நண்பர் சொல்வதை மறுக்கவில்லை. வெளியே ஓடும் கம்பிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை, குழாய், மின்னல் தடுப்பு, நல்ல எர்த் என்று சேர்த்துக்கொண்டே போனால் மலிவு என்ற பேச்சே முடிந்துவிடும். கம்பி வீட்டுக்குள்ளேயே போவதாக இருந்தால் மட்டும் என் யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாடிப்படி வரை கம்பி வரும் என்று சொன்னீர்களே, அதை மனத்தில் வைத்திருங்கள். முழு வழியும் வைஃபையாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

தங்கச்சிமடம் எழுதியது:

அந்தக் கடைசி வரியில்தான் தீர்வு இருக்கிறது. நான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசிக் கம்பி மோடத்தை ஒதுக்கிவிடுங்கள். அந்தக் காலத்து மோடங்களில் பெரும்பாலானவை வைஃபையைக் கொடுக்கத் தெரிந்தவை, வாங்கத் தெரியாதவை. டபிள்யூஆர்840என் அப்படியல்ல. அதன் புதிய பதிப்புகளில் ரவுட்டர், அக்சஸ் பாயின்ட், ரேஞ்ச் எக்ஸ்டெண்டர், டபிள்யூஐஎஸ்பி என நான்கு இயங்கு முறைகள் உண்டு. உங்களுக்கு வேண்டியது ரேஞ்ச் எக்ஸ்டெண்டர். அந்த முறையில் அது கீழே உள்ள ரவுட்டரின் வைஃபையை வாங்கித் தன் லேன் துளைகளிலும் கொடுக்கும். முதலில் பின்புறமுள்ள ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பழைய அமைப்புகளை அழியுங்கள். மடிக்கணினியைக் கம்பியால் அதனுடன் இணைத்து, அடிச்சீட்டில் எழுதியிருக்கும் முகவரியைத் திறந்து, இயங்கு முறையை மாற்றுங்கள். அது மறுபடி எழுந்ததும் சுற்றியுள்ள வைஃபைப் பெயர்களைப் பட்டியலிடும். உங்கள் வீட்டுப் பெயரைத் தேர்ந்து கடவுச்சொல்லைக் கொடுத்தால் வேலை முடிந்தது. டபிள்யூஐஎஸ்பி முறையிலும் இணையம் வரும், ஆனால் அது வீட்டு வலைக்குள் தனியாக இன்னொரு வலையை உண்டாக்கும். அதனால் வரும் தொல்லை விளையாட்டில்தான் தெரியும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

இப்போது எங்கே வைப்பது என்ற கேள்வி. பலரும் இந்த இரண்டாவது ரவுட்டரைக் கன்சோலுக்குப் பக்கத்தில், டிவிக்குப் பின்னால் வைத்துவிட்டு, வேகம் இல்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். அங்கேதான் உங்கள் கைப்பேசிக்கே அலை பாதியாகக் குறைகிறது, ரவுட்டருக்கு மட்டும் எப்படிக் கூடும்? மாடிப்படி ஏறி முடிக்கும் இடத்தில் நன்றாகக் கிடைக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரவுட்டரை அங்கே ஆளுயரத்தில் வையுங்கள். அங்கிருந்து கதவு வழியாக அறைக்குள் ஒரு சிறிய கம்பி போதும். கதவு நிலையின் அடியில் தட்டையான கம்பி அழகாக அடங்கிவிடும், துளையும் வேண்டாம். கன்சோலுக்குள்ளேயே இருக்கும் வைஃபையைவிட இந்த ஏற்பாடு சிறப்பாக அமைவதற்குக் காரணமே இதுதான். கன்சோலின் ஆன்டெனா கன்சோல் இருக்கும் இடத்தில்தான் இருக்க முடியும். உங்கள் ஆன்டெனா அலை கிடைக்கும் இடத்தில் இருக்கும்.

இணைந்த பிறகு, அமைப்புப் பக்கத்தில் இரண்டாவது ரவுட்டர் மீண்டும் ஒலிபரப்பும் வைஃபையை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு வாங்கியதையே திரும்பக் கொடுக்கும்போதுதான் வேகம் பாதியாகிறது. வாங்கிக் கம்பியில் மட்டும் கொடுத்தால் அந்த இழப்பு இல்லை.

வீட்டில் பழைய ரவுட்டர் இல்லாதவர்கள் இதற்காகப் பெரிய பணம் செலவிட வேண்டியதில்லை. 300 எம்பிபிஎஸ் வகை ரவுட்டர்கள் ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கின்றன. டிஎல்-டபிள்யூஆர்802என் என்ற உள்ளங்கை அளவு ரவுட்டரில், வைஃபையை வாங்கிக் கம்பியில் மட்டும் கொடுக்கும் கிளையன்ட் முறை தனியாகவே இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட்டுப் பழைய ரவுட்டரை உயிர்ப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அது நல்ல யோசனைதான். ஆனால் 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி நினைவகம் மட்டும் உள்ள சிறிய ரவுட்டர்களுக்கு 19.07 பதிப்போடு ஆதரவு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத மென்பொருளைப் புதிதாகப் போட வேண்டாம்.

தொண்டி எழுதியது:

எதையும் மாற்றுவதற்கு முன்பு, கன்சோலின் லேன் துளை நல்ல நிலையில் இருக்கிறதா என்று செலவே இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. வைஃபையில் இருக்கும் விண்டோஸ் மடிக்கணினியில், நெட்வொர்க் இணைப்புகள் பக்கத்தில் வைஃபை இணைப்பின் பண்புகளைத் திறந்து, பகிர்வு என்ற பகுதியில் மற்றவர்கள் இந்த இணைய இணைப்பைப் பயன்படுத்த அனுமதி கொடுங்கள். பிறகு மடிக்கணினியையும் கன்சோலையும் லேன் கம்பியால் இணையுங்கள். மடிக்கணினி தன் கம்பிப் பக்கத்துக்கு 192.168.137.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு, கன்சோலுக்கும் அதே வரிசையில் ஒன்றைக் கொடுக்கும். கன்சோலில் நெட்வொர்க் சோதனையை ஓட்டிப் பாருங்கள். சிலர் இதையே நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் விளையாடும் போதெல்லாம் மடிக்கணினி விழித்திருக்க வேண்டும் என்பதால் அது எனக்கு உடன்பாடில்லை, ஆனால் சோதனைக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

தேவிபட்டினம் ஆசிரியை எழுதியது:

இந்த இழையில் இடையே புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், எங்கள் சிக்கலும் இதையொட்டியதுதான். எங்களிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 4, மதுரையில் பழையதாக வாங்கியது. அதில் வைஃபை இருக்கிறது. எங்கள் ரவுட்டர் இரண்டு பெயர்களில் வைஃபை கொடுக்கிறது. அதில் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் என் கைப்பேசியில் தெரிகிறது, பிளேஸ்டேஷனில் தெரியவே இல்லை. இன்னொரு பெயரில் சேர்ந்தால், மாலை நேரத்தில் ஆட்டம் தடுமாறுகிறது என்று மகன் சொல்கிறான். கருவி பழுதா?

தங்கச்சிமடம் எழுதியது:

டீச்சர், உங்கள் கருவியில் பழுது எதுவும் இல்லை. 2013இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ், 2016இல் வந்த ஸ்லிம், புரோ வடிவங்களில்தான் சேர்க்கப்பட்டது. பழைய பொருள் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது, விற்பவர்கள் சொல்வதில்லை.

மாலையில் தடுமாறுவதற்குப் பக்கத்து வீடுகள் காரணமாக இருக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். தெருவில் எல்லோரும் வீட்டுக்கு வந்து கைப்பேசியை எடுக்கும் நேரத்தில் அந்த மூன்றும் நிரம்பிவிடும். கைப்பேசியில் வைஃபை அலைகளைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, மூன்றில் எது காலியாக இருக்கிறது என்று பார்த்து, ரவுட்டரில் அதைத் தேர்ந்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அதிக அகலம் அதிக வேகம் என்று தோன்றும், ஆனால் நெரிசலான தெருவில் அது மோதலைத்தான் கூட்டும். ரவுட்டரும் கன்சோலும் ஒரே அறையில் இருந்தால் இவை எதுவும் வேண்டாம், ஒரு மீட்டர் லேன் கம்பி வாங்கிச் செருகிவிடுங்கள். இணைய விளையாட்டுக்குப் பெரிய வேகம் தேவையில்லை, தாமதம் சீராக இருந்தால் போதும். கம்பி கொடுப்பது அந்தச் சீரைத்தான்.

தேவிபட்டினம் ஆசிரியை எழுதியது:

ஒரே அறைதான். கம்பியே போட்டுவிடுகிறோம். மிக்க நன்றி.

கீழக்கரை நடுத்தெரு எழுதியது:

தொண்டி நண்பர் சொன்னபடி மடிக்கணினி வழியாகச் சோதித்தோம், லேன் துளை நன்றாக இருக்கிறது. பிறகு டபிள்யூஆர்840என்னை ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் முறைக்கு மாற்றி, மாடிப்படி உச்சியில் உள்ள மாடத்தில் வைத்தோம். அங்கிருந்து தட்டைக் கம்பி கதவு நிலையின் அடியில் ஓடுகிறது. கன்சோலில் வயர்டு நெட்வொர்க்கைத் தேர்ந்ததும் முகவரி தானாகவே வந்துவிட்டது, கருவியின் மென்பொருள் புதுப்பிப்பும் இறங்கியது. வாங்கியது அந்தக் கம்பி மட்டுமே. உம்மாவுக்கும் திருப்தி.

இப்போது புதிதாக ஒன்று. சோதனையின் முடிவில் நாட் வகை ஸ்ட்ரிக்ட் என்று காட்டுகிறது. துபாயிலுள்ள பிள்ளைகள் கூப்பிடும்போது சில நேரம் சேர முடிகிறது, சில நேரம் முடிவதில்லை. சேர்ந்தாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதில்லை.

ராமநாதபுரம் கேணிக்கரை எழுதியது:

காக்கா, இதற்கு உங்கள் பழைய ரவுட்டர் காரணமில்லை. நாட் என்பது பல கருவிகள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் முறை. வெளியிலிருந்து வரும் அழைப்புகள் தடையின்றி உள்ளே வந்தால் ஓப்பன், பெரும்பாலும் தடைபட்டால் ஸ்ட்ரிக்ட் என்று காட்டும். கீழே உள்ள ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து, வெளி இணைப்புக்கு வந்திருக்கும் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், இணையச் சேவை நிறுவனம் ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று பொருள். ஒரே கதவிலக்கம் கொண்ட வளவில் பத்துக் குடும்பம் இருந்தால், உள்ளிருந்து கடிதம் போடுவதில் யாருக்கும் தடை இல்லை, வெளியிலிருந்து பெயர் இல்லாமல் வரும் கடிதம்தான் யாருக்கென்று தெரியாமல் திரும்பிப் போகும். நீங்கள் வெளியே போவது நடக்கிறது, துபாயிலிருந்து உங்களைத் தேடி வருவது நின்றுவிடுகிறது.

அந்த எண்கள் இல்லாமல் சாதாரணப் பொது முகவரி இருந்தால் வேலை எளிது. கன்சோல் கேட்கும் வழிகளைத் தானாகவே திறந்துவிடும் யுபிஎன்பி என்ற வசதியைக் கீழ் ரவுட்டரில் இயக்குங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால், கன்சோலுக்கு ஒரு நிலையான உள் முகவரியை ஒதுக்கி, யுடிபி 3074, டிசிபி 3074, யுடிபி 88 ஆகிய போர்ட்களை (கன்சோல் பயன்படுத்தும் வழி எண்களை) அந்த முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். பகிர்ந்த முகவரியாக இருந்தால் உங்கள் ரவுட்டரில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்க வேண்டும், சிலர் அதற்கு மாதக் கட்டணம் வாங்குகிறார்கள். கேட்பதற்கு முன்பு இதையும் செய்து பாருங்கள்: ஸ்ட்ரிக்ட் நிலையில் உள்ளவர் ஓப்பன் நிலையில் உள்ளவரோடு சேர முடியும். எனவே துபாய்ப் பக்கம் ஓப்பன் என்று காட்டினால், ஆட்டத்தை எப்போதும் அவர்கள் தொடங்க, இங்குள்ளவர்கள் போய்ச் சேரட்டும்.

இன்னொன்று, எக்ஸ்பாக்ஸ் 360 எம்டியு அளவு, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு, 1364 பைட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். ஃபைபரில் பெரும்பாலும் 1492 இருக்கும், அதனால் கவலை இல்லை. யாராவது ரவுட்டரில் அதைக் குறைத்து வைத்திருந்தால் மட்டும் சோதனை அந்த இடத்தில் நின்றுவிடும்.

ராமேஸ்வரம் எழுதியது:

ஃபைபர் இல்லாத வீடுகளுக்காக ஒரு வார்த்தை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை வைத்தும் இதே ஏற்பாட்டைச் செய்யலாம், பழைய ரவுட்டர் ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தேர்ந்து சேர்ந்துகொள்ளும். ஆட்டத்துக்கு மட்டும் என்றால் தரவு அதிகம் போகாது. ஆனால் பிளேஸ்டேஷன் 4 போன்ற புதிய கருவிகளில் ஓர் ஆட்டத்தைத் தரவிறக்குவதே பல பத்து ஜிபியாக இருக்கும், நாளுக்கு 2 ஜிபி தரும் திட்டத்தை வைத்துக்கொண்டு அதைத் தொடங்கக் கூடாது. தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் அணைத்து வையுங்கள். எங்கள் தீவில், குறிப்பாகத் தனுஷ்கோடிப் பக்கம், கைப்பேசி இலங்கை நிறுவனங்களின் அலையைப் பிடித்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்ததே. ஹாட்ஸ்பாட் போடும் கைப்பேசியில் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாம்பன் குந்துகால் எழுதியது:

மின்வெட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டிவியும் கன்சோலும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருந்தும், ஆட்டம் நடுவில் அறுந்துபோவதாகச் சிலர் வருந்துகிறார்கள். ஃபைபர் பெட்டியும் கீழ் ரவுட்டரும் சாதாரணப் பிளக்கில் இருந்தால் அப்படித்தான் நடக்கும். இப்போது உங்கள் வழியில் மாடிப்படி ரவுட்டரும் சேர்ந்துவிட்டது, மூன்றுக்கும் மின்சாரம் நிற்காமல் இருந்தால்தான் இணைப்பு நிற்காது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் போதும். ஆனால் ரவுட்டர் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று அடியில் பார்த்து வாங்க வேண்டும். முனை பொருந்துகிறது என்பதற்காக மாற்றிச் செருகக் கூடாது.

கீழக்கரை நடுத்தெரு எழுதியது:

கேணிக்கரைத் தம்பி சொன்னது சரியாகவே இருக்கிறது. எங்கள் வெளி முகவரி 100.70 என்று தொடங்குகிறது. துபாய்ப் பிள்ளைகள் பக்கம் ஓப்பன் என்று காட்டியது, அவர்கள் ஆட்டத்தைத் தொடங்கி இவர்கள் சேர்ந்தபோது பேச்சும் கேட்டது. இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்கிறோம், பொது முகவரிக்குப் பணம் கட்டப் போவதில்லை.

பிள்ளைகள் இன்னொரு கேள்வி கேட்கிறார்கள். எதிர்வீட்டிலும் ஓர் எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறது. பெருநாள் விடுமுறையில் இரண்டையும் சேர்த்து விளையாட முடியுமா? அவர்கள் வீட்டில் இணையமே கிடையாது. கடையில் புதிய ஆட்டம் வாங்கிப் பதிவிறக்குவதற்கும் இப்போது வழி உண்டா?

தங்கச்சிமடம் எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எக்ஸ்பாக்ஸ் 360இன் இணையக் கடை 2024 ஜூலை 29இல் மூடப்பட்டுவிட்டது. முன்பு வாங்கியிருந்த ஆட்டங்களை அதே கணக்கில் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், புதிதாக அந்தக் கருவியில் வாங்க முடியாது. குறுந்தகடுகள் வழக்கம்போல் ஓடும். இணையத்தில் சேர்ந்து ஆடுவது, அந்தந்த ஆட்டத்தை வெளியிட்டவர்கள் சர்வரை இயக்கும் வரை நடக்கும்.

எதிர்வீட்டோடு விளையாட இணையம் வேண்டியதில்லை. சிஸ்டம் லிங்க் என்ற வசதி அதற்காகவே இருக்கிறது. இரண்டு கன்சோல்களும் ஒரே உள் வலையில் இருந்தால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். ஆட்டத்தின் உறையில் சிஸ்டம் லிங்க் என்று அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், எல்லா ஆட்டத்திலும் இல்லை, இரு வீட்டிலும் அந்த ஆட்டத்தின் தகடு இருக்க வேண்டும். இரு கருவிகளுக்கும் இடையே தாமதம் 30 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு, தெருவின் இரு பக்கத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. டபிள்யூஐஎஸ்பி முறை வேண்டாம் என்று முன்பே சொன்னேன் அல்லவா, அது இங்கே கை கொடுக்கிறது. அந்த முறையில் ஒவ்வொரு வீட்டுக் கன்சோலும் தனித் தனி வலைக்குள் அடைபட்டு ஒன்றையொன்று பார்க்கவே முடியாமல் போயிருக்கும்.

எதிர்வீட்டார் ஒரு சிறிய ரவுட்டரைக் கிளையன்ட் முறையில் தெருப்பக்கச் சன்னலில் வைத்து உங்கள் வீட்டு வைஃபையில் சேர்த்தால் பெரும்பாலும் போதும். சில எக்ஸ்டெண்டர்களில் கருவிகள் ஒன்றையொன்று தேடும் அழைப்புகள் சரியாகக் கடந்து போவதில்லை. அப்படியானால் விடுமுறை நாள் மட்டும் அவர்கள் கன்சோலை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடிப்படி ரவுட்டரில் காலியாக இருக்கும் இன்னொரு லேன் துளையில் செருகிவிடலாம், அது தவறாமல் வேலை செய்யும். கடவுச்சொல்லை எதிர்வீட்டுக்குக் கொடுக்கும் முன், உங்கள் ரவுட்டரில் பாதுகாப்பு டபிள்யூபிஏ2 என்று இருக்கட்டும். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய ரவுட்டர்கள் சேராது, அதற்காகக் கடவுச்சொல்லே இல்லாமல் திறந்துவிடவும் கூடாது. விருந்தினருக்கான தனி வைஃபையைக் கொடுத்தால் பாதுகாப்பு என்று நினைக்கலாம், ஆனால் அதில் உள்ள கருவிகள் வீட்டு வலையைப் பார்க்க முடியாதபடி பிரிக்கப்பட்டிருக்கும் என்பதால் சிஸ்டம் லிங்க் நடக்காது.

மண்டபம் கேபிள் எழுதியது:

எதிர்வீட்டுக்குத் தெருவின் குறுக்கே கம்பி கட்டலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், கட்டக் கூடாது. மின்கம்பம் அருகே போகும், வண்டியும் இழுத்துப் போகும். சன்னல் ரவுட்டரே போதும். அந்தச் சன்னல் கடல் பார்த்ததாக இருந்தால் ரவுட்டரை விளிம்பில் வைக்காமல் இரண்டடி உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள், வருடத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பற்களைப் பார்க்கட்டும், பச்சை தெரிந்தால் வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்று போட வேண்டியதுதான். கருவி இல்லையென்றால் மண்டபம் வரும்போது கம்பியை எடுத்து வாருங்கள், போட்டுத் தருகிறேன்.

கீழக்கரை நடுத்தெரு எழுதியது:

அவசியம் வருகிறேன், அண்ணன். எதிர்வீட்டுக் காக்கா ரவுட்டர் வாங்க ஒத்துக்கொண்டார். சேர்த்த பிறகு சிஸ்டம் லிங்க் எப்படி ஓடுகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.